மூன்றாம் இலக்கத் துண்டு

வெளிப் பரீட்சகர் கேட்டது இதுதான்: "இந்தக் கசெற்றைப் பதிவுசெய்யும்போது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஊரில் இதைப் போட்டுக் கேட்கும்போது யார் யார் கூடியிருந்தார்கள்?"

அப்போது முற்பகல் பத்து நாற்பது. அந்த வாய்மொழிப் பரீட்சையில் நான் பீடத்தின் பிரதிநிதியாக மேசையின் ஓரத்தில் இருந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். கேள்வியை எழுதி முடித்துவிட்டுப் பதிலுக்காகப் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தேன். பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிய புள்ளியாகியது.

அது கடினமான கேள்வியே இல்லை. முதலாம் வருட மாணவர்கூடக் கேட்டிருக்கலாம். பரீட்சைக்கு வந்திருந்த இளம் பெண் விரிவுரையாளர் முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். பிறகு தன் ஆய்வேட்டைப் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அத நான் யோசிக்கல்ல, சேர்," என்றார்.

அவர் எங்கள் கலைப்பீடத்தின் சமூகவியல் விரிவுரையாளர். ஓட்டமாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நியமனம் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தது. குறித்த காலத்துக்குள் முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டம் பெறாவிட்டால் பதவி போய்விடும் என்பது விதி. இரண்டு முறை கால நீடிப்பு வாங்கியிருந்தார். மூன்றாவது கிடைக்காது என்று பதிவாளர் அலுவலகம் எழுத்தில் அறிவித்திருந்தது. அவருடைய ஆய்வு, தொலைபேசி வருவதற்கு முந்திய காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கடிதத்துக்குப் பதிலாகத் தங்கள் குரலைப் பதிவுசெய்து அனுப்பிய கசெற்றுகளைப் பற்றியது. வாவியின் இரு கரைகளிலும் வீடு வீடாக நடந்து நாற்பத்து மூன்று கசெற்றுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்திருந்தார். அந்தப் பெண்கள் தங்கள் நிலையைப் பெரும்பாலும் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருடைய முடிவு.

திருத்தி மீளச் சமர்ப்பிக்க வேண்டும் என்று பரீட்சகர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆறு மாத அவகாசம். அவருடைய நீடிப்பு முடிய ஏழு மாதம் இருந்தது.

நடைபாதையில் என்னிடம் வந்தார். அழவில்லை. நடந்ததை நம்ப முடியாதவர்போல நின்றார்.

"மெடம், நம்மட வட்டத்தில ரெண்டு தரம் வாசிச்சேன். எல்லாரும் இரிந்தாங்க. ஒருத்தரும் இதக் கேக்கல்லியே."

  அவர் நான்கு மணி பஸ்ஸுக்குக் காத்திராமல் அப்போதே வீட்டுக்குப் போனார்.

அவர் சொன்ன வட்டம் நான் தொடங்கிய ஆய்வு வட்டம். அதற்கு முன்பு எங்கள் பீடத்தில் ஒருவர் என்ன ஆய்வு செய்கிறார் என்று பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது. ஒருவர் மகளின் கல்யாணத் திகதி மற்றவருக்குத் தெரியும், வயலில் வேளாண்மை எப்போது வெட்டுகிறார்கள் என்பதும் தெரியும், ஆய்வேட்டின் தலைப்பு மட்டும் தெரியாது. படிப்பிப்போம், விடைத்தாள் திருத்துவோம், பஸ் ஏறுவோம். இதை மாற்றவேண்டும் என்று பீடாதிபதியிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை பிற்பகல் இரண்டு முப்பதுக்கு, வாவியைப் பார்த்தபடி இருக்கும் மேல்மாடிச் சிறு மண்டபத்தில் கூடுவது. இருபத்தைந்து நிமிடம் வாசிப்பு, மிச்சம் கேள்வி. நான்கு மணிக்கு முடிவு. ஓட்டமாவடிப் பக்கமும் களுவாஞ்சிக்குடிப் பக்கமும் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது.

கூட்டக் குறிப்பை நானே எழுதினேன். யார் வந்தார்கள், யார் எத்தனை மணிக்குப் பிந்தி வந்தார்கள், யார் எதைக் கேட்டார்கள் என்று எல்லாம் இருக்கும். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஒரு வருடத்தில் பதினான்கு பேர் நிரந்தரமாக வந்தார்கள். கேள்விகள் ஒழுங்காக வந்தன, பதில்கள் அதைவிட ஒழுங்காக வந்தன. ஒருவர் கேட்டு முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார். ஆண்டறிக்கையில் "உயிரோட்டமான கலந்துரையாடல்" என்று எழுதினேன். அடுத்த பீடத்திலிருந்து இரண்டு பேர் வந்து இருந்து பார்த்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

சிற்றுண்டி என் ஏற்பாடு அல்ல. வாசிக்கிறவரே எண்ணெயில் பொரித்த பற்றிஸோ ரோல்ஸோ கொண்டுவருவது என்று அவர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு காகிதத் தட்டு, அதில் மெல்லிய கடதாசி விரித்து, மேலே இரண்டு பற்றிஸ். நான் எடுப்பதில்லை. எண்ணெய்க் கையோடு குறிப்பெழுத முடியாது. என் குறிப்புக் கொப்பிகளில் ஒரு எண்ணெய்ப் பொட்டும் இருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வாய்மொழிப் பரீட்சைக்கு அடுத்த புதன்கிழமையும் கூட்டம் நடந்தது. இளம் விரிவுரையாளர் வந்து கடைசி வரிசையில் இருந்தார். அன்று வரலாற்றுத் துறையைச் சேர்ந்த ஒருவர் பழைய காணி உறுதிப் பத்திரங்கள் பற்றி வாசித்தார். பீடச் சபைக் கூட்டம் இழுபட்டதால் எனக்கு மதியச் சாப்பாடு இல்லை. தட்டுகள் வந்தபோது பசியில் கையை நீட்டி ஒன்றை எடுத்துவிட்டேன். தட்டுகளைக் கொண்டுவந்த உதவி விரிவுரையாளர், "மெடம், அது..." என்று தொடங்கினார்.

"பரவாயில்ல, இண்டைக்குத் தின்னுறன்," என்றேன்.

வாசிப்பு முடிந்தது. புவியியல் துறைப் பெண் விரிவுரையாளர் முதல் கேள்வியைக் கேட்டார். இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கிறவர் இரண்டாவதைக் கேட்டார். பதில்கள் வந்தன.  மூன்று பதினான்குக்கு "மௌனம்" என்று குறித்திருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் வாசித்தவர் என்னையே பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். மற்றவர்கள் என் தட்டைப் பார்க்கிறார்கள். வாயில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று துடைப்பதற்காகத் தட்டிலிருந்த கடதாசியை இழுத்தேன். அதன் கீழே நான்காய் மடித்த ஒரு துண்டு இருந்தது.

விரித்தேன். வாசித்தவருடைய கையெழுத்து. பரீட்சைப் புள்ளிப் பட்டியல்களைச் சரிபார்ப்பதால் எல்லாருடைய எழுத்தும் எனக்குத் தெரியும். "3. உறுதிகளில் பெண்களின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?" அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "இதற்குப் படம் இருக்கிறது."

நான் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, மேசையின் மறுபக்கத்திலிருந்து அதே கேள்வி குரலாக வந்தது. "உறுதிகளில பொம்புளயள்ட பேர் எப்பிடி எழுதியிரிக்கு எண்டு சொல்லேலுமா, சேர்?" கேட்டவர் தமிழ்த்துறையைச் சேர்ந்தவர், களுவாஞ்சிக்குடிக்காரர், எல்லாரையும் சிரிக்கவைக்கும் எங்கள் பீடத்தின் பகிடிக்காரர். அவர் முன்னால் இருந்த தட்டு வெறுமையாக இருந்தது.

"நல்ல கேள்வி," என்றார் வாசித்தவர். பொத்தானை அழுத்தினார். திரையில் படம் விழுந்தது.

கேள்வியைக் கொப்பியில் எழுதினேன். மனம் அந்த மண்டபத்தில் இல்லை. கை தானாக எழுதியது.

நான்கு மணிக்கு எல்லாரும் போனபின் களுவாஞ்சிக்குடிக்காரரை நிற்கச் சொன்னேன். துண்டை மேசையில் வைத்தேன்.

"இது என்ன?"

"எண்ட துண்டு, மெடம். நீங்க எடுத்திற்றீங்க. நல்லவேள, அவர் மத்தியானமே கேள்விய எனக்கு வாயால சொல்லியிரிந்தார். பசியோட வருவீங்க எண்டு தெரிஞ்சிருந்தா உங்களுக்கு வேற வச்சிரிப்பம்."

"எப்ப இருந்து இது?"

"ரெண்டாவது கூட்டத்தில இருந்து."

"எல்லாருமா?"

"உங்களத் தவிர. நீங்கதான் தின்னமாட்டீங்களே. அதாலதான் தட்டில வச்ச."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு வருடமும் நான்கு மாதமும். அத்தனை புதன்கிழமைகளும் வாசிக்கிறவரே கேள்விகளை எழுதி, இலக்கமிட்டு, பற்றிஸின் கீழே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பதினான்கு பேர் அதைத் தின்று, வாசித்து, கேட்டிருக்கிறார்கள். நான் அதை மணி நிமிடத்தோடு எழுதியிருக்கிறேன்.

"ஏன்?" என்றேன்.

"முதலாம் கூட்டத்த எடுத்து வாசிங்க, மெடம்."

கொப்பி அலுமாரியில் இருந்தது. எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் வாசித்தவர் கல்குடாவைச் சேர்ந்த ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர். ஒருங்கிணைப்பாளர் என்றால் நான்தான். என் குறிப்பு இப்படி இருந்தது: "ஒருங்கிணைப்பாளர் பதினொரு கேள்விகளை முன்வைத்தார். பேச்சாளர் நன்றி கூறி அமர்ந்தார். பயனுள்ள கலந்துரையாடல்."

"பதினொண்டு," என்றார் அவர். இப்போது குரலில் பகிடி குறைந்திருந்தது. "நானும் எண்ணினன். ஏழாவதோட அவர் கதிரைய எட்டிப் பிடிச்சார். நீங்க எழுதிக்கொண்டிரிந்த, காணல்ல. மறுகா சைக்கிள் விடுற இடத்தில நிண்டு மத்தியானம் திண்டதெல்லாம் சத்தியெடுத்தவர். நான்தான் தண்ணி குடுத்த. ஒப்பந்தம் முடிய அவர் அதப் புதுப்பிக்கவுமில்ல, இந்தப் பக்கம் வரவுமில்ல."

அவருக்கு நான் நல்ல சான்றுக் கடிதம் கொடுத்தது ஞாபகம் வந்தது. வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். அந்தப் பதினொரு கேள்விகளை ஆயத்தம் செய்ய எனக்கு மூன்று நாள் எடுத்தது. அவருடைய கட்டுரையை அவ்வளவு மதித்தேன். அது மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

"வட்டத்துக்கு வராம விட்டா நீங்க கவலப்படுவீங்க. வந்தா அடுத்த ஆள் சத்தியெடுப்பார். ரெண்டுக்கும் ஒரு வழி வேணுமே," என்றார். "ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில செய்யல்ல, மெடம்."

கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் இருந்த அன்பாலும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த அன்பாலும் அதைச் செய்திருக்கிறார்கள்.

பிறகு நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "அந்தப் பிள்ளை வாசிச்ச ரெண்டு நாளும் நீங்க இருந்தீங்க. கசெற்றைப் பற்றி உங்களுக்கும் ஒண்டும் தோன்றல்லையா?"

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். 

"எங்கட அம்மா குவைத்தில ஏழு வருசம் இரிந்தவ," என்றார். "அவட கசெற் வந்தா எங்கட வளவே நிரம்பிரும். அப்பா, மாமி, பக்கத்து வீட்டாக்கள், எல்லாருக்கும் நடுவில வச்சுத்தான் போடுற. அதில அம்மா சிரிப்பா. சாப்பாடு நல்லம், மனுசர் நல்லம் எண்டுவா. அது வீட்டுக்கு வாற கசெற். இன்னொண்டு வரும். அது அவ அனுப்புற சாமானோட வாற பால்மாத் தகரப் பேணிக்குள்ள, மாவுக்கு அடியில இரிக்கும். பெரியம்மாதான் பேணியத் திறப்பா. பகல்ல கதவச் சாத்திக்கொண்டு அவ மட்டும் கேப்பா. வெளிய வரக்குள்ள முகம் வீங்கியிரிக்கும். வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில இது புதினமில்ல. ஆனா ஒருத்தரும் கதைக்கிறல்ல."

இளம் விரிவுரையாளர் வீடு வீடாகச் சேர்த்த நாற்பத்து மூன்றும் வீட்டுக்கு வந்த கசெற்றுகள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய குடும்பத்தில் வெளிநாடு போனவர் இல்லை. இரண்டாவது கசெற் ஒன்று இருக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"இது தெரிஞ்சிருந்தும் கேக்கல்லையா?"

"எனக்கு வந்த துண்டில அது இல்ல, மெடம்."

பகிடிக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். இத்தனை வருடத் தொழிலில் நான் கேட்ட வேறெந்த வாக்கியமும் என்னை இப்படி உறையவைத்ததில்லை.

சனிக்கிழமை காலை கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் முதலிலிருந்து வாசித்தேன். இளம் விரிவுரையாளர் இரண்டாம் முறை வாசித்த நாளில் களுவாஞ்சிக்குடிக்காரர் கேட்ட கேள்வி: "கசெற்றுகளில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?" பதில் அரைப் பக்கம். ஓரத்தில் என் கையால், "சிறந்த கேள்வி."

அடுத்த புதன்கிழமை துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இது எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். முதல் கூட்டத்தில் நடந்ததும் தெரிந்துவிட்டது, அது என் பிழை என்றேன். இனித் துண்டு வேண்டாம், நானும் ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கமாட்டேன் என்றேன்.

"அந்த ஒண்டுக்குள்ள பதினொண்டையும் அடைக்கமாட்டீங்களே?" என்றார் களுவாஞ்சிக்குடிக்காரர்.

சிலர் சிரித்தார்கள். புவியியல் விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "மெடம், ஒண்டு சொல்றன், கோவிக்கப்படா. நாங்க எல்லாரும் ரெண்டு தரம், மூண்டு தரம் வாசிச்சிற்றம். நீங்க ஒருநாளும் வாசிக்கல்ல. எழுதிக்கொண்டு மட்டும்தான் இரிக்கீங்க."

மெய்தான். அதையும் நான் கவனித்திருக்கவில்லை. வாசிக்கிறேன் என்றேன். முதலில் இளம் விரிவுரையாளரின் ஆய்வேடு, அதற்குப் பிறகு நான்.

பிறகு களுவாஞ்சிக்குடிக்காரர் எழுந்து, எனக்குச் சொன்னதை எல்லாருக்கும் முன்னால் இளம் விரிவுரையாளருக்குச் சொன்னார். வீட்டுக் கசெற், பேணிக் கசெற், பெரியம்மா, சாத்திய கதவு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"சேர், நான் உங்களுக்கு எழுதித் தந்த துண்டு என்னெண்டு ஞாபகம் இரிக்கா?"

"பூஞ்சணம்."

"ஓம். பூஞ்சணம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எழுதித் தந்தது நான்தானே. உங்களக் குறை சொல்லி என்ன செய்ய."

அந்த மாதம் வட்டத்தில் வேறு எதுவும் வாசிக்கப்படவில்லை. அவர் தட்டச்சு செய்த பிரதிகளை ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் சரியான குழப்பம். துண்டில்லாமல் கேள்வி கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் கேட்டதை மற்றவர் அவமரியாதை என்று எடுத்து மண்டபத்தை விட்டுப் போனார், அடுத்த வாரம் வந்தார். என் கொப்பியில் அந்தப் பக்கங்கள் அடித்தும் வெட்டியும் கிடக்கின்றன.

மூன்றாவது வாரம் புவியியல் விரிவுரையாளர் தன் பங்குப் பிரதியிலிருந்து ஒரு வரியை உரத்து வாசித்தார். ஏறாவூரில் கிடைத்த ஒரு கசெற் அது, பேசுகிறவர் தன் அக்காவை ராத்தா என்கிறார். "பால்மாப் பேணிய ராத்தா திறக்கட்டும், நீங்க யாரும் திறக்காதீங்க."

"இதென்ன, பேணிய யார் திறக்கிற எண்டுகூடச் சொல்லி அனுப்பிறாங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே நிறுத்தினார்.

 இஸ்லாமிய நாகரிக விரிவுரையாளர் தன் தாள்களைப் புரட்டினார். "எனக்கிட்டயும் ஒண்டு இரிக்கு, சின்னம்மாக்குச் சொல்ற. 'சவுக்காரப் பெட்டி சாச்சிக்கு. அவட கையில குடுங்க.'" பிறகு இன்னொருவர். பிறகு நான். என் பிரதியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பெண் ஒருவர், "தலகாணி உறை அக்காவுக்கு, அவவே பிரிக்கட்டும்," என்கிறார்.

இளம் விரிவுரையாளர் எழுந்து நின்றிருந்தார்.  "இதெல்லாத்தையும் நான்தான் தட்டினேன்," என்றார். "சாமான் கணக்கு எண்டு நினைச்சிட்டேன், மெடம். ஆய்வேட்டில ஒரு இடத்திலயும் எடுக்கல்ல."

அந்த வாரமே கசெற்றுகள் முழுவதையும் திரும்பக் கேட்டு எண்ணினார். நாற்பத்து மூன்றில் பத்தொன்பதில் அப்படி ஒரு வரி இருந்தது. எல்லாருக்கும் முன்னால் சத்தமாகப் போடப்படும் கசெற்றுக்குள்ளேயே, ஒருவர் மட்டும் கேட்கவேண்டிய கசெற் எங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

களுவாஞ்சிக்குடிக்காரரின் அம்மா இப்போதும் இருக்கிறார். இளம் விரிவுரையாளர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் அவரோடு இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தார். வீட்டுக் கசெற்றை விடுமுறை நாளில் ஒரு கூட்டாளியின் அறையில், ஐந்து பெண்கள் சேர்ந்து, ஆளுக்கு ஆள் சிரிப்புக் காட்டிப் பதிந்தார்களாம். மற்றதை உடுப்புக் கழுவும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பதிந்தாராம். பெரியம்மா கேட்டுமுடித்த கசெற்றுகளில் ஒன்று இன்னும் அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் தரமாட்டேன் என்றுவிட்டார்.

"அது அக்காவுக்குப் பேசின. கேக்க வேண்டிய ஆள் கேட்டாச்சு. ஆளும் போயிற்றா. இனி அது என்னத்துக்குப் பாடணும்?" இதுதான் அவர் சொன்னது என்று இளம் விரிவுரையாளர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

சமர்ப்பிக்க ஏழு வாரம் இருந்தது. பரீட்சகர் முன்னால் அந்த ஒரு கசெற்றை வைத்தால் வேறு சான்று தேவையில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரிந்தது. களுவாஞ்சிக்குடிக்காரர்தான் வாய் திறந்தார்.

"தங்கச்சி, நான் எடுத்துத் தாறன். பிரதி எடுத்திற்று வச்சிரலாம். அம்மாக்குத் தெரியவராது."

ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில், "எடுத்தால் என்ன? பதவி அல்லவா?" என்று இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை.

இளம் விரிவுரையாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம், சேர். ஒருக்கா நீங்க எல்லாரும் சேர்ந்து எனக்கு உதவி செஞ்சாச்சு."

அன்று நான்கு மணிக்கு முன்பே கூட்டம் கலைந்தது. குறிப்பில் நேரத்தைத் தவிர வேறொன்றும் என்னால் எழுத முடியவில்லை.

இரண்டாம் வாய்மொழிப் பரீட்சைக்கும் அதே வெளிப் பரீட்சகர் வந்தார். நானும் அதே மேசை ஓரத்தில் இருந்தேன். அவர் அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே சொற்களில் கேட்டார். இளம் விரிவுரையாளர் இம்முறை தண்ணீர்ப் போத்தலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கசெற்றுக்கும் பதியும்போது யார் இருந்தார்கள், கேட்கும்போது யார் இருந்தார்கள், அறிய முடியாதவை எவை என்று பட்டியலோடு சொன்னார். பிறகு அந்தப் பத்தொன்பது வரிகளையும் வாசித்தார். வாசிக்க நான்கு நிமிடம் எடுத்தது. பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இரண்டாவது வகைக் கசெற்றில் ஒன்றையாவது கேட்டீர்களா?"

"இல்லை, சேர்."

"கிடைக்கவில்லையா?"

"ஒன்று இருக்கும் இடம் தெரியும். அந்தத் தாய் விரும்பவில்லை. அது எனக்கு அனுப்பப்பட்டதில்லை."

"அப்படியென்றால், கேட்காத ஒன்றை வைத்து ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள்."

 எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"கேட்காத ஒன்று இருக்கிறது என்பதை வைத்து எழுதியிருக்கிறேன், சேர்," என்றார். "முதல் ஆய்வேட்டில் அவர்கள் நிறைவோடு இருந்தார்கள் என்று எழுதினேன். இப்போது அப்படி எழுதமாட்டேன். நிறைவாக இருந்ததாகச் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னார்கள் என்றுதான் எழுத முடியும். மற்றதை யாருக்குச் சொன்னார்கள் என்றும் எழுத முடியும். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது."

பரீட்சகர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பத்தொன்பது வரிகளையும் இவர் தனியாகவா கண்டுபிடித்தார்?"

நான் பதில் சொல்லுமுன் இளம் விரிவுரையாளரே சொன்னார். "இல்லை, சேர். எங்கட புதன்கிழமை வட்டத்தில. முதல் வரியை எடுத்தவங்கட பேர் அடிக்குறிப்பில இரிக்கு."

சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். நியமனத்தை உறுதிப்படுத்திய கடிதம், நீடிப்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. அவர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, நான் முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை நின்றார். களுவாஞ்சிக்குடிக்காரர் கதவடியில் நின்று, "இனி நீங்களும் மெடம் ஆகிற்றீங்க. எங்களுக்குப் பயம்தான்," என்றார்.

கல்குடாக்காரருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர் இப்போது ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார் என்று அறிந்தேன். பதினொரு கேள்விகளைப் பற்றி எழுதினேன், மன்னிப்புக் கேட்டேன், ஒரு புதன்கிழமை வரும்படி கேட்டேன். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

போன புதன்கிழமை நான் வாசித்தேன். ஒரு பழைய பாடசாலை அதிபர் பல வருடங்களாக எழுதிய நாளாந்தச் சம்பவப் புத்தகங்களைப் பற்றிய கட்டுரை. நல்ல கையெழுத்து, ஒரு நாளும் தவறவில்லை, மழை பெய்த நேரம்கூட இருக்கிறது. பற்றிஸ் நானே வாங்கிப் போயிருந்தேன். தட்டுகளில் விரித்த கடதாசியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்த பிறகே கொடுத்தேன். வாசித்து முடித்ததும் முதலில் கை தூக்கியவர் இளம் விரிவுரையாளர்.

"மெடம், இவ்வளவு ஒழுங்கா எழுதுற ஒருத்தர் எதெதக் காணாம விட்டிரிப்பார் எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?"

 மூன்று மாதம் வேலை செய்த கட்டுரை, அந்த எண்ணம் ஒருதரமும் எனக்கு வரவில்லை. பதினான்கு பேரும் காத்திருந்தார்கள். "தெரியாது," என்றேன். பேனாவை எடுத்துக் கேள்வியை எழுதினேன், நேரத்தை எழுதினேன். அன்று நானும் தின்றிருந்தேன். பக்கத்தின் ஓரத்தில் என் பெருவிரலின் எண்ணெய் படிந்துவிட்டது.